சரிகை போட்ட ஃபியூஸ்

அந்த எக்ஸாஸ்ட் ஃபேனை வாங்க வைக்கச் சித்தாரா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஜன்னலே இல்லாத சமையலறை. மிளகாய் வறுத்தால் நெஞ்சை அடைக்கும், இருமல் லேசில் நிற்காது. சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் அந்த நெடி முன்கூடத்துக்கும் போய், சரிகை வாங்க வந்த ஐயம்பேட்டை ஆட்கள் தும்மிக்கொண்டே எழுந்து போனார்கள். மறுநாளே ஃபேன் வந்துவிட்டது. அவள் கணவர் மொய்னுதீன் கெட்டவர் இல்லை. அவருடைய காது மட்டும் எப்போதும் முன்கூடத்து வியாபாரத்திலேயே இருக்கும்.

வந்த ஃபேன் கொஞ்ச காலம் ராஜா மாதிரி சுற்றியது. பிறகு எண்ணெய்ப் பிசுக்கு ஏறி முனகத் தொடங்கியது. அதோடு விடாமல் ஃபியூஸையும் காவு வாங்கியது. சமையலறைக்கும் முன்கூடத்துக்கும் ஒரே ஃபியூஸ். இவள் இங்கே வடகம் பொரித்தால் அங்கே டியூப் லைட் அணையும். இருட்டில் சரிகையின் பளபளப்பை யாரிடம் காட்டுவது?

“இன்னொரு தடவை ஃபியூஸ் போச்சுன்னா, ஃபேனைக் கழட்டிப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன்” என்றார் மொய்னுதீன்.

“சிட்டிபாபுவை வந்து பாக்கச் சொல்லுங்க.”

“தோ வரேன், தோ வரேன்னு சொல்லிக்கினே இருக்கான். எங்க வரான்?”

எலெக்ட்ரீஷியன் சிட்டிபாபுவுக்குச் செவிலிமேட்டுப் புது வீடுகளிலேயே வேலை சரியாக இருந்தது.

அடுத்த முறை ஃபியூஸ் போனபோது மொய்னுதீன் மதிய லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். சித்தாரா மெயினை அணைத்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். மாட்டக் கம்பி இல்லை. அவர் திரும்பிவந்து இருட்டைப் பார்த்தால் ஃபேன் போயிற்று. முன்கூடத்துப் பெட்டியில் துண்டுச் சரிகை கிடந்தது. பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றியதுதானே, கம்பிக்கு என்ன குறைச்சல் என்று தோன்றியது. கஞ்சத்தனம் பார்க்காமல் ஏழெட்டு இழையைச் சேர்த்து முறுக்கி மாட்டினாள். ஃபேன் சுற்றியது. மொய்னுதீன் வந்தபோது டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சில நாள் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு மதியம், தால்சாவுக்குத் தாளிக்கும்போது ஃபேன் சுற்றாமல் உறுமியது. கருகல் வாடையை மிளகாய் என்றே நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் ஃபேனிலிருந்து கரும்புகை. உருகிய பிளாஸ்டிக் ஒரு சொட்டு முந்தானையில் விழுந்து ஓட்டை போட்டது.

“ஏங்க” என்று கத்திக்கொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

“தண்ணி ஊத்தாத, வெளிய வா” என்று ஓடிவந்த மொய்னுதீன் அவளை இழுத்து வெளியே விட்டார். மெயினை அணைத்தார், கேஸை மூடினார். நெருப்பு பரவவில்லை. ஃபேன் மட்டும் கரிக்கட்டையானது.

எரிந்துவிட்டது என்றதும் சிட்டிபாபு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். அதில் பாதி வேகத்தில் முன்பே வந்திருக்கலாம். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

“இன்னா பாய், ஃபியூஸுக்குப் பட்டுப் புடவை கட்டி வச்சிருக்கீங்க?”

மொய்னுதீன் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பட்டு கருகியிருந்தது, வெள்ளி இன்னும் மின்னியது. “நம்ம சரிகை” என்றார். அந்த நேரத்திலும் மனுஷனுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. “பாத்தியா, உருகவே இல்ல. அசல்.”

“அதான் பாய் வினையே. உள்ள ஏதாச்சும் கோளாறுன்னா முதல்ல ஃபியூஸ்தான் உருகணும். ஃபேன் கெட்டுப்போச்சுன்னு அது தினம் சொல்லிக்கினு இருந்துது, அதோட வாயை அடைச்சிட்டீங்க. நீங்க போலிச் சரிகை விக்கிற ஆளா இருந்தா, இந்நேரம் உங்க ஃபேன் பொழச்சிருக்கும்.”

மொய்னுதீனின் சிரிப்பு போய்விட்டது. மனைவியைப் பார்த்தார்.

“நான்தான்” என்றாள் சித்தாரா. “ஃபியூஸ் போச்சுன்னா கழட்டிடுவேன்னு சொன்னீங்க.”

அவர் அவள் முந்தானையைப் பிடித்து அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். அதுவரை பயத்தைக் காட்டாமல் நின்ற சித்தாராவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

“நீ இருமறேன்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்” என்றார்.

புது ஃபேன் வந்தது. சிட்டிபாபு பழைய ஒயரை மாற்றி, ஃபேனுக்கென்று தனியாகச் சின்ன ஃபியூஸ் வைத்தான். அது போனால் ஃபேன் மட்டும்தான் நிற்கும். முன்கூடத்துக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியே ஒருநாள் மிளகாய் வறுக்கும்போது ஃபேன் நின்றது. முன்கூடம் நிறைய ஆட்கள், பேரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கூப்பிடலாமா வேண்டாமா என்று சித்தாரா கரண்டியோடு நின்றாள். இருமல் வந்தது.

“கொஞ்சம் இருங்க” என்று மொய்னுதீனின் குரல் கேட்டது. மறு நிமிஷம் சமையலறை வாசற்படியில் நின்றார். “ஃபேன் நின்னுடுச்சா? அடுப்பை அணைச்சிட்டு வெளிய வா. சிட்டிபாபுவுக்கு ஃபோன் போடறேன்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கதான் லைட்டு எரியுதே.”

“நீ இருமினியே” என்றார்.