மதியத்துக்குப் பின் மறுக்கப்படும் இணைப்பு

என் மாமனார் அவர்கள் ஓய்வு பெறும்வரை ஒரு நீரேற்று நிலையத்தில் மோட்டார்களைக் கவனித்து வந்தவர். தண்ணீர் வராமல் மோட்டார் ஓடினால் சுருள் கருகிவிடும் என்பதால், வெறுமனே ஓடும் எதைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால்கூட, எழுந்து போய் அணைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அப்போது நான் ஒரு நிறுவனத்துக்குச் சோதனை வேலை ஒன்றைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தே பணி. இல்லையென்றால், பிரசவத்துக்கு முன் நான் பணிபுரிந்த அலுவலகத்துக்கே, வேறு ஊருக்கு, கணவரோடும் குழந்தையோடும் குடிபெயர வேண்டும். மாமா எங்களுடன் வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

வேலை பெரிதன்று. ஒரு நூலகத்தின் புத்தக விவரங்களை வீட்டுக் கணினியிலேயே ஒரு தரவுத்தளத்தில் வைத்து, நான் எழுதும் நிரலை அதனுடன் இணைத்து, கேட்ட புத்தகத்தைக் காட்டச் செய்ய வேண்டும். காலையில் அழகாக இணையும். குழந்தைக்கு மதிய உணவு ஊட்டித் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால், ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று திரையில் நிற்கும். கடவுச்சொல்லை மாற்றினேன். இணைப்பு நுழையும் வாசலான போர்ட் எண்ணை மாற்றினேன். கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுநாள் மதியம் பழையபடி மறுக்கும்.

“உன் மெஷினும் என்னை மாதிரிதான். சாப்பாட்டு நேரம் தாண்டினா கண்ணைச் சொருகிடுது,” என்றார் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கும் என் கணவர்.

செய்துகாட்ட வேண்டிய நாளும் வந்தது. மாலை நான்கு மணிக்கு அழைப்பு. அன்று மதியம் குழந்தை சீக்கிரமே உறங்கிவிட்டதால் நானும் சீக்கிரமே கணினி அறைக்குத் திரும்பினேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மாமா நாற்காலியின் நுனியில் அமர்ந்து, இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். முன்பொரு நாள் கணினி திணறியபோது, அந்தப் பட்டியலைத் திறந்து வேண்டாததை நிறுத்தும் முறையை அவருக்குக் காட்டிக் கொடுத்தவள் நான்தான். செய்யும் வேலை பூஜ்ஜியம் என்று காட்டிய ஒரு வரியில் அவர் விரல் நின்றது. அது என் தரவுத்தளம். அதை நிறுத்தினார். பிறகு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் கணினிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

நான் சட்டென்று சமையலறைக்குள் ஒதுங்கிக்கொண்டேன். அவர் போனதும் தரவுத்தளத்தை மீண்டும் இயக்கிவிட்டுக் கணவரை அழைத்தேன்.

“பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடு. அப்பா கண்டுக்க மாட்டார்,” என்றார்.

பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கணவர் சொன்னபடியே பூட்டினேன். சிறிது நேரத்தில் மாமா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, மெஷின் என்னை யாருன்னு கேக்குது.”

“அது... நான்தான் மாமா... ஒரு பாஸ்வேர்டு...”

“போட வேண்டியதுதான். வேலைக்கான மெஷினாச்சே. மெஷினுக்குள்ள ஃபேன் சத்தம் ஜாஸ்தியா கேட்டுச்சு, அதான் பார்த்தேன்.”

கூடத்துக்குப் போய்ச் செய்தித்தாளை விரித்தார். வெகுநேரமாகியும் பக்கம் புரளவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. அருகில் போய், மனத்துக்குள் கோத்துவைத்த பணிவான வாக்கியங்கள் யாவும் மறந்துபோக, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“அப்போ இத்தனை நாளா நீ தலையைப் பிச்சுக்கிட்டது என்னாலயா?”

“உங்களாலன்னு இல்ல மாமா...”

“சும்மா சொல்லும்மா. ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டேன்.”

“உங்களாலதான் மாமா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அந்த மெஷின் படுத்துடுச்சுன்னா உன் வேலை போயிடும், நீங்கல்லாம் கிளம்பிடுவீங்கன்னு பயந்தேம்மா.”

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் குரலாக ஒலித்தது அதுவே முதல்முறை.

“ஆனா அது வேலையே செய்யாமதானே ஓடுச்சு?” என்றார்.

“யாராவது கேக்குற வரைக்கும் காத்துட்டு இருக்கும் மாமா. கேட்டா உடனே எடுத்துக் குடுக்கும்.”

“ஸ்டேண்ட்பையா!” நெற்றியில் அடித்துக்கொண்டார். “எங்ககிட்டயும் ஒரு மோட்டார் அப்படித்தான் காத்துட்டு நிக்கும். சும்மாதானே நிக்குதுன்னு அதோட ஸ்விட்சை அணைச்சவனை நான் என்ன பேச்சு பேசியிருக்கேன் தெரியுமா? இப்ப என்னை யார் பேசுறது?”

“உங்க பையன்கிட்ட சொல்றேன், பேசுவார்.”

“அவனா? அவன் வாயைத்தான் முதல்ல நிறுத்தணும்.”

இருவரும் சிரித்துவிட்டோம். பூட்டை எடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

“வேண்டாம், இருக்கட்டும். எனக்கும் அதைச் சொல்லிடு. போதும்.”

சொன்னேன். தானே தட்டச்சு செய்து திறந்து பார்த்தார்.

நான்கு மணிக்கு அந்நிறுவனத்தின் அலுவலர் அம்மையார் திரையில் தோன்றினார். மாமா என் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தார். அம்மையார் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னார். தட்டச்சு செய்தேன். இணைப்பு கிடைத்தது, வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

“பக்கத்துல யாரு?” என்று கேட்டார்.

“எங்க மாமா, மேடம். டேட்டாபேஸ் நின்னுடாம பார்த்துக்கிறார்.”

அம்மையார் சிரித்துவிட்டார். “எங்க ஆபீஸ்லயே அதுக்குத் தனியா ஆள் இல்லையே! சரி, அடுத்த வாரமே சேர்ந்துக்குங்க. வீட்டுல இருந்தே செய்யலாம்.”

நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் மாமா எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் மகனை அழைத்துப் பேசும் குரல் கேட்டது.

“டேய், நீங்க எங்கயும் போகலடா... என்ன, கேக்கலையா? எங்கயும் போகலைன்னு சொல்றேன்!”

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அலுவலர் அம்மையாருக்கும் அது நன்றாகவே கேட்டிருக்கும்.