பானட்டுக்கு அடியில்

பழைய ஜீப்பின் பானட்டைக் கழற்றி, வீட்டோடு ஒட்டிய தகரக் கூரைக்கு அடியில் இரண்டு முக்காலிகள் மேல் படுக்கவைப்பதற்குள் ஏசிக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுமுனையைத் தூக்கிப் பிடித்த மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்து கிடக்கிறவளின் இடுப்பு இரும்பாக இருக்க, மாடி மாடியாக ஏறி ஏசி மாட்டுகிற தன் இடுப்பு காலை வாரிவிட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் மனக்குறை. பானட் இல்லாத ஜீப் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்த வாய் மூடுகிற வரைக்கும் இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வேலை ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பானட்டின் இரு பக்கமும் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக ஓட்டை வெட்டி, சாய்ந்த தகடுகள் வைத்த கறுப்பு வென்ட்டுகளைப் பதிக்க வேண்டும். இன்ஜினின் சூடு அந்த வழியாக மேலே போய்விடும். கல்லும் பள்ளமுமான ஏற்றத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது ரேடியேட்டர் கொதிக்காது. வென்ட்டுகள் வந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. பெட்டி பிரிக்கப்படாமல் சோபாவுக்கு அடியில் கிடந்தது. ஒரு வாரம் மழை என்றார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் அவசர வேலை என்றார். அதற்கடுத்த வாரம் நல்ல பிளேடு கிடைக்கவில்லை என்றார். பக்கத்து வீட்டு மின்விசிறி நின்றால்கூட ஓடிப்போய்ப் பார்க்கிற மனிதர், சொந்த வண்டி என்றதும் சாக்குகளாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

காரணம் மனைவிக்குத் தெரியும். அந்த வண்டி போக வேண்டிய இடம் மகளின் வீடு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நீர்த்தேக்கம். அதன் மதகுகளைத் திறந்து மூடுகிற வேலை பார்ப்பவனை மகள் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மருமகன் என்ற வார்த்தை இதுவரை ஏசிக்காரரின் வாயில் வந்ததில்லை. மதகுக்காரன் என்றுதான் சொல்வார். மகளோடும் அன்றைக்கு நிறுத்திய பேச்சு நிறுத்தியதுதான். எடுத்த வேலையைப் பாதியில் விடாத மனிதர். பிடிவாதத்தை மட்டும் விட்டுவிடுவாரா? ஆனால் மகளுக்கு இப்போது மாதம் முற்றிவிட்டது. மதகுக்காரனால் மழைக்காலத்தில் அணையை விட்டு நகர முடியாது. அம்மாவாவது வந்து கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது, மனைவி அவர் முன்னால் வந்து நின்ற நிலையில் மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. வாடகை வண்டிகள் எதுவும் அந்தப் பாதையில் வராது. கிளம்பிப் போனார்கள். பாதி ஏற்றத்தில், பெரிய பாறைக்குப் பக்கத்தில், வண்டி கொதித்து ஆவி கக்கியது. திரும்பிவிட்டார்கள்.

இன்று வேலை தொடங்கிவிட்டது. பானட்டின் அடிப்பக்கத்தில் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் ஓடும். அவற்றில் பிளேடு பட்டால் பானட்டின் பலமே போய்விடும். மேலே இருந்து பார்த்தால் அவை தெரியாது. அதனால் ஒருவர் கீழே படுத்துக்கொண்டு தட்ட வேண்டும், மற்றவர் மேலே அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். மனைவி அட்டையைப் போட்டு இடது பக்கம் படுத்தாள். சட்டம் வருகிற இடத்தில் மட்டும் ஒரு தட்டு, வேறெங்கும் தட்டாதே என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த டேப்பின் மீது அவளுடைய தையல் சாக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தார். இடது பக்கம் முடிந்தது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்க் குனிந்தார். கீழே தட்டல் தொடர்ந்தது.

வேலை அங்கே சரசரவென்று ஓடியது. தட்டல் வரும், கை தானாகப் போய்க் கோடு போடும். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முகம் பார்க்காமல் வேலை செய்வதில் ஒரு வசதி இருக்கிறது. மனதில் கிடப்பது வெளியே வந்துவிடும். கோடு போட்டபடியே அவர் சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அன்னைக்குப் பாறைகிட்ட வண்டி கொதிச்சுதுல்ல, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நம்ம பொண்ணு மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. இப்ப வெறும் வெக்கந்தான்."

தட்டல் நின்றது. அவர் சாக்கட்டியைப் பிடித்தபடி காத்திருந்தார். இரும்புக்குக் கீழே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. பிறகு மெதுவாக ஒரு தட்டு வந்தது. மிச்சக் கோட்டையும் முடித்துவிட்டு, சரி போதும், வெளியே வா என்றார்.

மனைவி வீட்டு வாசற்படியில் இறங்கி வந்தாள். கையில் கைபேசி. முகத்தில் ரத்தமே இல்லை.

"பொண்ணு நம்பர்தான். எடுத்தா பேச்சே இல்லங்க. காத்தடிக்கிற சத்தம் மட்டும் கேக்குது. கத்திக் கத்திப் பாத்தேன். இப்பத் திரும்பக் கூப்பிட்டா போகவே மாட்டேங்குது."

"நீ எப்ப உள்ள போன?"

"இந்தப் பக்கம் முடிச்சதுமே போயிட்டேனே. ஃபோன் அடிச்சது உங்களுக்குக் கேக்கலையா?"

ஏசிக்காரர் முழங்காலில் இறங்கி அடியில் பார்த்தார். இடது பக்கம் மனைவி படுத்திருந்த அட்டை இருந்தது. வலது பக்கம் வெறும் சிமென்ட் தரை. அதன் மேல் நேற்றைய காற்று கொண்டுவந்து கொட்டிய மெல்லிய தூசி, ஒரு கைத்தடம்கூட இல்லாமல், விரித்த துணி மாதிரி அப்படியே கிடந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வலது பக்கத்துத் தட்டல் அவர் சொல்லிக்கொடுத்த தட்டல் இல்லை. சட்டம் இருந்தால் இரண்டு தட்டு, காலி இடம் என்றால் ஒரு தட்டு. அவர் கை யோசிக்காமல் ஓடியதற்குக் காரணம் அதுதான். வருஷக்கணக்காகப் பழகிய கணக்கு. ஏசி மாட்டச் சுவரைத் துளைக்கும் முன் அடுத்த அறையில் நின்று தட்டிக்காட்ட, பள்ளி விடுமுறைகளில் மகள் அவரோடு வருவாள். அந்தப் பக்கம் ஒயர் ஓடினால் மட்டும் தட்டு, இல்லாவிட்டால் சும்மா இரு என்று அவர் சொல்ல, அதெப்படி என்று சண்டைக்கு வந்தவள் அவள். சும்மா இருந்தால் அது பதில் இல்லையே அப்பா, நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். இருந்தால் இரண்டு, இல்லையென்றால் ஒன்று என்று அவள் அன்று வைத்த அந்தக் கணக்கு அவளும் அவரும் மட்டும் அறிந்தது. மனைவிக்குக்கூடத் தெரியாது.

வயசான மனிதன், பட்டப்பகலில், சொந்த வீட்டு வாசலில் பயந்தான் என்றால் சிரிப்பார்கள். ஆனால் அவர் பயந்தது தட்டலுக்கு அல்ல. எந்த நிலையில் இருந்தால் மகளால் அங்கேயும் இங்கேயும் இருக்க முடியும் என்ற கேள்விக்குத்தான்.

ட்ரில்லை எடுத்து, குறித்த சட்டங்களைத் தவிர்த்து, வெட்டப்போகிற ஓட்டைகளின் மூலைகளில் துளை போட்டார். இருவருமாகப் பானட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். மனைவி தட்டிய இடது பக்கத்தில் ஒரு துளை சட்டத்தின் விளிம்பைக் கடித்திருந்தது. கொஞ்சம் தள்ளிக் குறித்துக்கொண்டால் சரியாகிவிடும். வலது பக்கத்தில் எல்லாத் துளைகளும் சட்டத்தை ஒட்டி, மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தன. அளந்து வைத்திருந்தால்கூட அப்படி அமையாது. அது யார் தட்டியது என்று மனைவி கேட்டாள். நானே பார்த்துக்கொண்டேன் என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கையும் மேலே இருக்கிறவர் கீழே எப்படித் தட்டினார் என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகத்தைப் பார்த்தே அவளுக்குப் பயம் பிடித்தது. ஜிக்சா ரம்பம் அலறிக்கொண்டு தகரத்தைத் தின்றது. விளிம்புகளை அரத்தால் ராவினார். விரல் கிழிந்து ரத்தம் பெயின்ட்டோடு கலந்ததைத் துடைக்கவும் இல்லை. வெட்டிய விளிம்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பெயின்ட் ஒரு ராத்திரியாவது காய வேண்டும். ஒரு பிளேடுக்காக ஒரு வாரம் கடத்திய மனிதர், ஈரப் பெயின்ட் மேலேயே வென்ட்டுகளை வைத்து ரிவெட் அடித்தார். மனைவி உள்ளே போய், எதையும் கேட்காமல், பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து மடித்துப் பையில் அடைத்தாள்.

மத்தியானத்துக்குள் ஏற்றத்தில் இருந்தார்கள். வழி முழுக்க மனைவி கைபேசியைக் காதில் வைத்து வைத்து எடுத்தாள். பாறை வந்தது. போன தடவை ரேடியேட்டரிலிருந்து வழிந்த பச்சைக் கூலன்ட்டின் கறை இன்னும் அங்கே இருந்தது. ஏசிக்காரர் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். அது பாதியில் அசையாமல் நின்றது. வென்ட்டுகள் வழியாகச் சூடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. முள் கொஞ்சம் ஏறினால் தேவலை என்று இப்போதும் ஓர் ஓரத்தில் தோன்றியதை உணர்ந்து அவர் தன்னையே அருவருத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரே ஒரு வீடுதான். கொடியில் துணி காய்ந்து விறைத்திருந்தது. பகல் வெளிச்சத்தில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. அந்த அமைதியில் ஜீப் வருகிற சத்தம் கரை முழுக்கக் கேட்டிருக்கும். யாரும் வெளியே வரவில்லை. அணைப் பக்கம் மதகுக்காரனும் கண்ணில் படவில்லை. மனைவி இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஏசிக்காரர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அம்மாடி, அப்பா வந்திருக்கேன்."

குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வீட்டுக்குள் போகிற அளவுக்குச் சத்தம் இருந்தது. மனைவி வாசலை நோக்கி நடந்தாள். இரண்டு வென்ட்டுகளிலிருந்தும் இன்ஜினின் சூடு எழுந்து அவர் கண்ணெதிரே நெளிந்தது. அதனூடே பார்க்கையில் கதவும் நிலையும் எரிகிற விளக்கும் தண்ணீருக்குள் கிடப்பவை போல அசைந்தன. மனைவி அந்த அசைவுக்குள் நுழைந்து, படியேறி, உள்ளே மறைந்தாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்: இரண்டு தட்டும் இல்லை, ஒரு தட்டும் இல்லை.