படத்தின் ஓரத்தில் கட்டைவிரல்

1

"சிலிண்டர் புக் பண்ணீட்டயா மேரி?" என்று கேட்டுவிட்டுத்தான் என் கணவர் ஆரோன் அன்று காலை கோழிப்பண்ணைக்குக் கிளம்பினார். இன்னும் இல்லை என்றேன். மறந்துராத என்றார். வண்டி தெருமுனை திரும்பியது. மத்தியானம் தீவன மில்லில் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். காலையில் அவர் வண்டி திரும்பியதுமே நான் புக் செய்திருந்த சிலிண்டர், வீடு நிறையச் சனம் இருந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் சத்தம் வராமல் அதை இறக்கிவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

கதை அந்த நாளைப் பற்றியது இல்லை. அதற்கு முந்தைய வருடம், ஈஸ்டருக்கு மறுநாள், நாங்கள் ஒரு தீம் பார்க்குக்குப் போய்வந்ததைப் பற்றியது. இறந்தவர் யார் என்பதைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைக்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இதை எழுதச் சொன்னவள் என் மகள் இனியா. இப்போது ஐந்தாம் வகுப்பு. பார்க்குக்குப் போனபோது அவளுக்கு நாலு வயது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, நானும் அப்பாவும் ராட்டினத்துல போனத எழுதித் தாங்க. ஊருக்கெல்லாம் டைப் அடிக்கிறீங்க, எனக்கு ஒண்ணும் அடிச்சதில்ல."

உண்மைதான். நாமக்கல்லில் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, பூப்பு நன்னீராட்டு விழா, நினைவஞ்சலி. எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். எழுதித் தருகிறேன் சாமி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவளும் அவள் அப்பாவும் ராட்டினத்தில் போகவே இல்லை.

2

தொடக்கம் ஒன்று: "கோடை வெயில் கொளுத்திய ஒரு நன்னாளில், இறைவன் அருளால் ஒரு சிறு குடும்பம்..."

(நிறுத்திவிட்டேன். பத்திரிகைத் தமிழ். அடுத்த வரியில் மொய் தவிர்க்கவும் என்று வந்துவிடும்.)

தொடக்கம் இரண்டு: "அன்புக் கணவரும் பாசமிகு தந்தையுமான..."

(இது இன்னும் மோசம். இந்த வரி வந்தால் என் கை தானாகவே பக்கத்தில் இரண்டு மெழுகுவர்த்திப் படம் தேடுகிறது. அவருடைய நினைவஞ்சலியையும் நான்தான் அடித்தேன். அதிலிருந்த ஒரு சொல்கூட அவரைப் பற்றியது இல்லை.)

தொடக்கம் மூன்று: "அவர் அவித்த முட்டையோடு வந்து நின்றார்."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகிறேன்.

3

அவர் அவித்த முட்டையோடு வந்து நின்றார். டிபன் பாக்ஸில் நாலைந்து முட்டை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முழு அட்டை. முட்டைப் பண்ணையில் சூப்பர்வைசராக இருப்பவர் வீட்டில் முட்டையை எண்ணி யாரும் அவிப்பதில்லை. விடியற்காலையில் அவரே அவித்து, திரும்ப அதே அட்டையில் அடுக்கி, மேலே இன்னொரு காலி அட்டையைக் கவிழ்த்து, சணலால் கட்டியிருந்தார். லாரியில் ஏற்றுகிற கட்டு. அவர், நான், இனியா, அவருடைய தங்கை ஜாக்குலின், அந்தக் கட்டு. இதுதான் எங்கள் குடும்பம் அன்று சேலம் பஸ்ஸில் ஏறிய விதம்.

(பஸ்ஸில் ஒரு சண்டை. முட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் கண்டக்டர். அது தனியாக சீட்டில்தான் இருக்கும் என்றார் இவர். நான் கண்டக்டர் பக்கம் பேசிவிட்டேன். புதுச்சத்திரம் தாண்டியும் என்னோடு பேசவில்லை. இதை நடுவில் வைக்க ஒரு காரணம் உண்டு. ஆரோன் என்ற பாத்திரம் இந்தக் கதையில் ரொம்ப நல்லவராக மாறப் பார்க்கிறார். இறந்தவர்களை எழுதினால் அப்படித்தான் ஆகிறது. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரசத்தில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவைப்பார். அதையும் சேர்த்தே படியுங்கள்.)

ராசிபுரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அந்தப் பார்க். வாசலில் காவலுக்கு நின்றவர் கட்டைப் பார்த்துவிட்டு, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றார்.

"இது சாப்பாடு இல்லீங்க. முட்டை," என்றார் இவர்.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் பக்கத்தில் சோறுதான் சாப்பாடு. முட்டை என்பது தண்ணீர் மாதிரி, வருகிறவர்களுக்குக் கொடுப்பது. காவலர் மசியவில்லை. தூக்கிப்போட இவருக்கு மனம் இல்லை. கட்டை அவிழ்த்து, டிக்கெட் வரிசையில் நின்றிருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார். ஜாக்குலின் மிளகு உப்புப் பொட்டலத்தோடு பின்னாலேயே போனாள். வெட்கத்தில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஆத்தூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். ஆளுக்கு ரெண்டு வாங்கிக்கொண்டு, "அண்ணே, தோசையும் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். கடைசி முட்டையைக் காவலருக்கே உரித்துக் கொடுத்தார். அவரும் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, காலி அட்டையை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம் என்றார்.

4

உள்ளே அலைக்குளத்துக்குப் போகிற வழியில், தரையோடு ஒரு ஆழமில்லாத தொட்டி. காலைக் கழுவிக்கொண்டு போக வைத்திருந்தது. எல்லாரும் அதைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். இவர் நின்றுவிட்டார்.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கோழிப்பண்ணைக்குள் நுழைகிற எவரும் கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. முதலாளியானாலும் சரி, மருத்துவரானாலும் சரி. நோய் காலோடுதான் வரும் என்பார்கள். இனியா பிறந்ததும் இவர் எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு நீல பேசின் வைத்தார். பண்ணைக் கால் பிள்ளையிடம் போகக் கூடாது என்று. ரோஸ் நிறத் தண்ணீர். வருகிற சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே காலை நனைப்பார்கள். பங்குச்சாமியார்கூட நனைத்திருக்கிறார்.

அந்தத் தொட்டி முன்னால் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். "வலது கால் மொதல்ல சாமி. அப்பறம் எடது. அவசரமில்ல," என்று இனியாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தில் அவ்வளவு நிம்மதியோடு, "நல்ல பண்ணை மேரி," என்றார். பஸ் சண்டை அங்கே முடிந்தது.

தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்று மாற்றுத்துணி எடுத்துவராதவள் ஜாக்குலின். குளத்தோரம் நின்றவளை ஒரு அலை முழுதாக நனைத்துவிட்டது. மெல்லிய வெளிர்மஞ்சள் சுடிதார். துப்பட்டாவும் நனைந்து ஒட்டிக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் தன்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. முன்னால் பார்த்தபடியே சட்டைப் பொத்தானைக் கழற்றி, கையை மட்டும் பின்னால் நீட்டினார். நீலக் கட்டம் போட்ட சட்டை. அவள் போட்டுக்கொண்டாள். முழங்கால்வரை இருந்தது.

சாயங்காலம் ராட்டினத்துக்கு வந்தோம். காலையிலிருந்து இனியா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், அப்பாவோடு என்று. இவர் ஏறப் போனார். சட்டை இல்லாமல் ஏறக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். ஜாக்குலின் சட்டையைக் கழற்றித் தர முடியாது. எனக்கு உயரம் ஆகாது. ஆகவே ஜாக்குலின் மடியில் இனியா ஏறினாள்.

இவர் பனியனோடு கீழே நின்றார். ஒரு கையில் எங்கள் செருப்பெல்லாம் போட்ட பை. கக்கத்தில் காலி முட்டை அட்டை. பெட்டி கீழே வரும்போதெல்லாம் அட்டையைத் தூக்கி ஆட்டினார். மேலே போகும்போது அண்ணாந்து பார்த்தபடி பின்னால் பின்னால் நடந்து, ஐஸ்கிரீம் வண்டியில் இடித்துக்கொண்டார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு போனை எடுத்து ஒரு படம் எடுத்தார்.

5

படம் இப்போது எங்கள் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. ராட்டினத்தின் உச்சியில் ஒரு பெட்டி. அதில் ஒரு சின்னப் புள்ளி, அதைப் பிடித்தபடி நீலக் கட்டம். முகம் தெரியாத தூரம். இனியா அந்த நீலத்தைத் தொட்டுக் காட்டி அப்பா என்பாள். அந்தச் சட்டையை அவள் மற்ற படங்களில் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் அவர்தான் போட்டிருப்பார்.

படத்தின் வலது ஓரத்தில் மங்கலாக ஒரு பழுப்பு நிறம் உண்டு. அவருடைய கட்டைவிரல். எந்தப் படம் எடுத்தாலும் அது உள்ளே வந்துவிடும். அச்சகத்தில் பிரிண்ட் போட்ட பையன் அதை வெட்டிவிடலாமா அக்கா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

என் மகள் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டாள். எடுத்தது யார் என்று இதுவரை கேட்கவில்லை.

அவளுக்கு அப்பாவைப் பற்றி வேறு பெரிதாக எதுவும் ஞாபகம் இல்லை. குரல் ஞாபகம் இல்லை. போனில் இருப்பதைப் போட்டுக் காட்டினால் அந்நியரைக் கேட்பதுபோலக் கேட்கிறாள். இந்த ஒன்றுதான் இருக்கிறது. அவள் வாயால் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"மேல போறப்ப பயமா இருந்துச்சும்மா. அப்பா வயித்தச் சுத்திக் கை போட்டு இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. அந்தக் கை இன்னும் தெரியுது."

அது ஜாக்குலின் கை.

6

[இந்த இடத்தில் நினைவு, உண்மை, புனைவு என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். யாரோ மேடையில் பேசுவதுபோல இருந்தது. எடுத்துவிட்டேன்.]

ஜாக்குலினைத் தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் அரிகிற சத்தம் வந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"அந்தக் கை அண்ணனோடதாவே இருக்கட்டும் அண்ணி," என்றாள்.

"நீ புடிச்ச புடி ஜாக்குலின். நீயும் அவளுக்கு வேணுமில்ல?"

"நான் நேர்லயே இருக்கறனுங்களே. எப்ப வேணும்னாலும் வந்து புடிச்சுக்கறேன். அண்ணன் வர முடியுமா?"

பிறகு அவளே சிரித்தாள். அன்றைக்கு இனியாவைவிடத் தனக்குத்தான் அதிகப் பயம், பிள்ளையைப் பிடித்தது பிள்ளைக்காக இல்லை, தனக்காக என்றாள். இந்த ஒரு செய்தியை மட்டும் கதையில் எங்கேயும் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மன்னித்துக்கொள் ஜாக்குலின்.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது. நான் கீழே அவர் பக்கத்தில் நின்றவள். பனியனோடு ஒரு மனிதர் ஊர் முன்னால் முட்டை அட்டையை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். இனியா பக்கம் அந்தக் கை அவருடையதாக இருந்தால், என் பக்கம் அந்த மனிதர் இல்லாமல் போகிறார். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அவரை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

7-அ

"ஆரோன் மகளை மடியில் வைத்துக்கொண்டு ராட்டினத்தில் ஏறினார். மேலே போகும்போது வயிற்றைச் சுற்றிக் கை போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் நெடுஞ்சாலையில் முட்டை லாரிகள் போவது தெரிந்தது. கீழே அம்மா நின்று படம் எடுத்தாள்."

(கடைசி வாக்கியத்தை அடிக்கும்போது கை நின்றுவிட்டது. அந்தக் கட்டைவிரலை என்னுடையது என்று சொல்ல வேண்டியிருக்கும்.)

7-ஆ

"ஆரோன் தன் சட்டையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டதால் அவரை ஏறவிடவில்லை. அத்தைதான் உன்னைப் பிடித்துக்கொண்டாள். நீ ஒவ்வொரு சுற்றும் கீழே வரும்போது அப்பா உனக்காக..."

(இதை முடிக்கவில்லை. முடிக்க முடியாமல் இல்லை. 'உனக்காக' என்பதற்குப் பிறகு எதை எழுதினாலும் அது அவள் வயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து வைக்கிற வேலையாக இருக்கிறது.)

7-இ என்று ஒன்றும் முயன்றேன். ராட்டினம் இரண்டு முறை சுற்றுகிறது, ஒரு முறை அத்தையோடு, ஒரு முறை அப்பாவோடு. ஜாக்குலினின் சுடிதார் அதற்குள் காய்ந்து, சட்டை அவருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. நல்ல முடிவு. ஆனால் அன்று சுடிதார் காயவில்லை. ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் பனியனோடுதான் வந்தார்.

8

7-அ, 7-ஆ இரண்டு பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். 1 முதல் 4 வரையிலும் அவளுக்குக் கொடுக்கலாம், 1-இன் கடைசி இரண்டு வரியையும், 4-இல் ஜாக்குலின் நனைந்ததிலிருந்து மீதியையும் மட்டும் விட்டுவிட்டு. 5, 6 உங்களுக்கு மட்டும். முதல் பக்கங்களோடு 7-அவைச் சேர்த்துப் பின் அடிப்பதா, 7-ஆவை முடித்துச் சேர்ப்பதா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. ஸ்டேப்ளர் மேஜைமேல் இருக்கிறது. இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள், எனக்குப் பதிலாக ஒரு பக்கத்தை எடுத்து வையுங்கள். எதை எடுத்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். என்றாவது ஒருநாள் அவள் பீரோ முன்னால் நின்று படத்தின் ஓரத்தைத் தொட்டு, இது யார் விரல் என்று கேட்பாள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வேன் வந்து நிற்கிற சத்தம். "அம்மா, எழுதியாச்சா?" என்று வெளிக் கேட்டிலிருந்தே கேட்கிறாள். வந்து பார் என்கிறேன்.

பையைக்கூட இறக்கவில்லை. ஷூவைக் கழற்றுகிறாள். சாக்ஸை உருவி ஷூவுக்குள் திணிக்கிறாள். வாசலில் இன்னும் இருக்கிற நீல பேசினில் தண்ணீர் கலங்குகிறது. வலது கால் முதலில். அப்புறம் இடது.