தொண்ணூறு நாள் பயிர்

எண்பத்தொன்பதா, தொண்ணூறா… விதை விழுந்த நாளையும் சேர்த்துக்கொண்டால் தொண்ணூறு. ஆடிப் பதினெட்டு மத்தியானம் தெளித்தேன் என்று என் பெண் மோகனா அவள் அம்மாவிடம் போனில் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து, காது கேட்காதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நானும் கேட்டேன், ஆக இன்றோடு தொண்ணூறு, கேழ்வரகு பழுத்து அரிவாளுக்குக் காத்திருக்கிற நாள்… பஸ்ஸை விட்டு இறங்கிப் பழவேற்காட்டுப் பாலம் தாண்டி நடக்கிறேன், பைக்குள் அரிவாள் தொடையில் இடித்துக்கொண்டே வருகிறது, சாக்குத் துணியில் சுற்றித்தான் வைத்தேன், இருந்தும் இடிக்கிறது. ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டிருக்கிறது, மறுபடி பிடித்துக்கொண்டால் கதிர் கறுத்துப்போகும், இன்றே அறுத்து ஒரு பிடி அவள் படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும், அதற்குத்தான் வருகிறேன். வேறு எதற்கு வருவேன், ஆறு வருஷமாக மிதிக்காத வாசலுக்கு? பெற்ற பெண் உயிரோடு இருந்தவரை வரவில்லை, அவளைத் தூக்கிய அன்று வந்தேன், அதுவும் நேராகச் சுடுகாட்டுக்கு, சாம்பலைக் கூட்டி நவதானியம் தெளித்த அன்று ஒருமுறை, அதுவும் சுடுகாட்டோடு சரி, வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் இல்லை. விதை தெளித்துப் பதினேழே நாள்.

காட்டூரில் நெல் விளைவிக்கிறவன் பெண் மீன் பிடிக்கிறவனைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான் நடந்தது, அதற்கு ஆறு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டேன், என்னவோ நான் பேசாவிட்டால் சூரியன் நின்றுவிடும் என்பது போல. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, மண்ணைக் கொத்தி வைத்திருக்கிறேன், விதை கொடு என்று அவள் கேட்டது அம்மாவிடம்தான். என் மனைவி இந்திராணி எதையோ அள்ளிக் கட்டப்போனாள், நான்தான் பிடுங்கிக்கொண்டு பரணிலிருந்த விதைப் பானையை இறக்கி, புடைத்து, பதர் போக்கி, அரைப் படி கேழ்வரகை வேட்டித் துணியில் போட்டு வாழைநாரால் முடிந்தேன். நீ கொடுத்ததாகவே சொல் என்றேன். இந்திராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆறு வருஷத்தில் என் பெண்ணுக்கு நான் கொடுத்தது அந்த அரைப் படிதான், அதையும் என் பேரில் கொடுக்கவில்லை. அது மட்டும் முளைத்திருந்தால் போதும் என்று இந்த மூன்று மாதமும் நாள் எண்ணியிருக்கிறேன், அது விளைந்திருந்தால் அவளுக்கு நான் ஏதோ செய்தேன் என்று இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை…

கவியரசன் வாசலிலேயே நின்றிருந்தான், வாங்க மாமா என்றான். என்னவென்று அவனைக் கூப்பிடுவது, மாப்பிள்ளை என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். ஏரியில் வலை போட அவனுக்கு முறை வருகிற நாளாம் இன்று, அதைப் பாடு என்கிறார்கள், ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது வருமோ, அதை விட்டுவிட்டு எனக்காக நிற்கிறான். போன வாரம் இவன்தான் போன் செய்தான், மோகனா வைத்த தோட்டத்தை ஒருதபா வந்து பார்த்துவிட்டுப் போங்க என்று. நான் உட்காரவில்லை, தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, அவனுக்குப் பின்னால் நேராகக் கொல்லைக்குப் போனேன், பையைத் தோளிலிருந்து கையில் மாற்றிக்கொண்டு. கொல்லை முழுக்க ரோஸ் நிறமாக இருந்தது. முழங்கால் உயரத்துக்குப் பூ. ஒரு களை இல்லை, சுற்றிலும் பழைய வலையில் வேலி, ஒவ்வொரு தூருக்கும் பாத்தி. சுடுகாட்டு மல்லி. என் பெண்ணை எரித்த இடத்தில், நான் நவதானியம் தெளித்த மண்ணுக்குப் பக்கத்தில், அன்றைக்கும் பூத்திருந்ததே, அதே பூ.

"நீங்க குடுத்தனுப்பனதுதான் மாமா. ஒன்னுகூட சாவல" என்றான் கவியரசன்.

நான் கொடுத்தது என்று யார் சொன்னது என்று கேட்டேன், குரல் சண்டைக்காரன் குரலாக வந்தது. அதுதான் சொல்லுச்சு என்றான். மூட்டையைக் கையில் வாங்கியதுமே, நாரை ரெண்டு சுத்து சுத்தி உள்ளே சொருகி வச்சிருக்கு பாரு, இது அம்மா முடிச்சு இல்ல, எங்க நைனா முடிச்சு என்று சொல்லி, அதை அவிழ்க்காமல் ஒருநாள் முழுக்க வைத்திருந்தாளாம். ஏரியிலிருந்து இவன் திரும்பியபோது தெளித்து முடித்துவிட்டாள், எங்க நைனா குடுத்த வெத, இங்க கால் வெக்காத என்றாளாம். என்ன விதை என்று இவன் கேட்கவில்லை, முளைத்தால் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டான். தெரிந்திருக்கிறது மோகனாவுக்கு. தெரிந்தேதான் இருந்திருக்கிறது… நாரைச் சுற்றுகிற கை என் கை என்று.

"காரியம் முடிஞ்சி வந்து பாக்கறேன், ஒரே புல்லா மண்டிக்கெடக்குது மாமா. ஒக்காந்து அத்தினியும் ஒன்னொன்னா புடுங்கிப் போட்டேன். எல ரவுண்டா இருந்தது மட்டும் வுட்டேன். பூ வந்தப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி, இது சுடுகாட்டாண்ட கீற பூவாச்சேன்னு. அப்பறம் நெனச்சேன், பயிர் வெக்கிறவங்க, தெரியாமயா குடுப்பாங்கன்னு."

ஒன்றொன்றாக. உட்கார்ந்து. கேழ்வரகு இளசில் புல் மாதிரிதான் இருக்கும், என் வயலிலேயே புதிதாகக் களை எடுக்க வருகிறவர்கள் தடுமாறுவார்கள், இவன் கேழ்வரகுக் கூழ் குடித்து வளர்ந்தவன், செடியை எங்கே பார்த்திருக்கப்போகிறான்? வலையில் எந்தக் கண்ணி எந்த மீனுக்கு என்று என்னைக் கேட்டால் நான் மட்டும் என்ன கிழித்துவிடுவேன்? அவள் விதைத்த அத்தனையையும் பிடுங்கிப்போட்டுவிட்டு, அவள் விதைக்காததற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், தினமும் இரண்டு வேளை, அடி பம்பிலிருந்து சுமந்து… சொல்லிவிடலாம், மடையா, இது தானாக வந்தது, காற்றில் வந்து விழுந்தது என்று. சொன்னால் அவன் முகம் என்ன ஆகும்? அவளுக்காகச் செய்த ஒன்றே ஒன்று அவனுக்கும் இதுதானே. கேழ்வரகு என்றால் நெருக்கமாக முளைத்ததைக் கலைக்கவேண்டும், களை பார்க்கவேண்டும், குருவிக்குக் காவல் இருக்கவேண்டும், அத்தனையும் செய்தால் தொண்ணூறு நாளில் ஒரு படி கொடுத்துவிட்டுத் தாள் காய்ந்து போகும், மறுபடி விதைக்க ஆள் வேண்டும். இது எதுவும் கேட்காது, ஆடு வாய் வைக்காது, உப்புக் காற்று ஒன்றும் செய்யாது, வருஷம் முழுக்கப் பூக்கும், ஒரு வாய்ச் சோறு தராது. இந்த மணலுக்கு எது ஏற்றது என்று வேறு யாராவது கேட்டால் பூ என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையில் கேழ்வரகு இங்கே பாதிக்குமேல் பதராகத்தான் போயிருக்கும், உப்பு மண் என்று தெரிந்துதான் முடிந்து கொடுத்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் வலி குறைகிறதா என்று பார்த்தேன், குறையவில்லை. பாவி மகளே, உனக்கு எது பிடித்திருக்கும்? இதை நீ தலையில் வைத்திருக்கமாட்டாய், வாசலில்கூட வைத்திருக்கமாட்டாய், அது காட்டூர்ப் பெண்ணாக இருந்தபோது… இந்த ஆறு வருஷத்து மோகனாவை எனக்கு எங்கே தெரியும், இவனுக்குத்தான் தெரியும்.

வேலி மூலையில் பிளாஸ்டிக் டிரம்முக்குப் பின்னால், நிழலில், ஒரே ஒரு தூர் நின்றது. நோஞ்சானாக, ஒரே தாளில், உச்சியில் கைக்குழந்தை மடக்கின விரல் மாதிரி ஒரு கதிர். டிரம் மறைத்ததில் அவன் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. நான் பார்த்த பக்கம் அவனும் பார்த்தான், அட, ஒன்று விட்டுப்போச்சே என்று சொல்லிக்கொண்டே குனிந்து தூரோடு சேர்த்துப் பிடித்தான்.

"அத வுடுங்க."

"புல்லு மாமா."

"தெரியும். இருக்கட்டும்."

அவன் கையை எடுத்தான், ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. பயிர் வைக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அதன் வேரில் பதமாக, மண் கரையாமல் ஊற்றினான். நான் கதிரை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். பச்சை. நிழலில் நின்றதால் பிந்திவிட்டது, பால் கட்டி முற்ற இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும், மழை விட்டுவைத்தால். அடுத்த வாரம் முடிந்து இன்னொருதபா வருகிறேன் என்றேன், வாங்க மாமா, சாப்பிட்டுப் போகிற மாதிரி வாங்க என்றான், முகம் மலர்ந்து. அரிவாள் பையிலேயே இருந்தது, அதை எதற்குக் கொண்டுவந்தேன் என்று அன்றைக்குச் சொல்வேனா… ஆறு வருஷம் அவளிடம் வாயை மூடிக்கொண்டிருந்ததை வீம்பு என்று இப்போது தெரிகிறது, இன்றைக்கு இவனிடம் மூடிக்கொண்டேனே, இதற்கு இரக்கம் என்று பேர் வைக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் உள்ளே தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கிறது, இளசில் கேழ்வரகும் புல்லும் மாதிரி.