ஒரு நிமிடப் பேச்சும் இரண்டடி லிஃப்டும்

எங்கள் பெண் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் என் கணவரும் மூன்றாம் வகுப்பு படித்தார். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்தான் இருந்தது. வீட்டுப்பாடம் அவருடையது. அவர் போய் மூன்று வருடமாகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவருடைய பொறுமையைப் பற்றியே பேசினார்கள். கையில் பசைக் குப்பியோடு அவரைப் பார்க்காதவர்கள்.

அந்த வருடம்தான் பள்ளியில் புதிய முறை வந்தது. பாடம் பாதி, செயல்பாடு பாதி. வகுப்பறையின் நான்கு மூலைகளுக்கும் பெயர் வைத்தார்கள்: எண் மூலை, எழுத்து மூலை, இயற்கை மூலை, அமைதி மூலை. இருப்பதிலேயே அமைதி மூலையில்தான் சத்தம் அதிகம் என்று எங்கள் பெண் வந்து சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் பையில் ஒரு மஞ்சள் தாள் வரும். மேலே பெரிதாக 'வீட்டுச் சவால்'. அடியில் பொடி எழுத்தில், 'பெற்றோர் உதவலாம், செய்யக் கூடாது.' நான் நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையில் வேலை பார்ப்பவள். பொடி எழுத்தைப் படிக்கிற வழக்கம் உண்டு. அவருக்கும் படித்துக் காட்டினேன்.

"உதவிதானே பண்றேன்" என்றார், அவளுடைய கத்தரிக்கோலைத் தன் பெரிய விரல்களில் மாட்டிக்கொண்டே.

முதல் சவால், வீட்டிலுள்ள வட்டமான பொருள்களை எண்ணுவது. எங்கள் பெண் சுற்றி வந்து இருபத்தாறு என்று எழுதினாள். அதற்குள் போனில் பெற்றோர் குழுவில், அவள் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவான பல் டாக்டர், தன் மகன் நூற்றுப் பதினான்கு எண்ணியிருக்கிறான் என்று செய்தி போட்டார். 'மூன்றாம் வகுப்பு மொட்டுகள்' என்று அந்தக் குழுவுக்குப் பெயர். மொட்டுகள் யாரும் அதில் கிடையாது. என் கணவர் போனைக் கீழே வைத்தார். சட்டைப் பொத்தான்களை எண்ணத் தொடங்கினார். அலமாரி காலியாகி, என் தையல் பெட்டியைக் கவிழ்த்த பிறகு, முந்நூற்று ஒன்பது.

"பொத்தான் எல்லாம் ஒரே பொருள்தானேப்பா?" என்றாள் மகள்.

"டாக்டர் மாத்திரையை எண்ணியிருப்பாரு. நீ எழுது."

இவருக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பன்னிரண்டு மாடிக் கட்டடமே நின்றுவிடும் வேலை. அந்தக் கண்ணோடு அவர் மூன்றாம் வகுப்புத் தாளைப் பார்த்தார். 'தானாகவே படுக்கை விரித்தல்' சவாலுக்குப் புகைப்படம் கேட்டிருந்தார்கள். நீர்மட்டக் கருவியைத் தலையணைமேல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் படம் எடுத்தார். விரிப்பு கலைந்துவிடும் என்று அன்று பகல் முழுக்க அவளைக் கட்டிலில் ஏறவிடவில்லை.

அவரைச் சேர்க்காமல் அவளே செய்தது ஒன்றே ஒன்று. ஒரு நிமிடம் பேசாமல் இருந்து காதில் விழும் ஒலிகளை எழுதும் சவால். அவள் பதினேழு ஒலிகள் எழுதினாள். பன்னிரண்டாவது 'அம்மா பெருமூச்சு.' பதின்மூன்றாவது 'ஏன் பெருமூச்சு விடறேன்னு அப்பா கேட்டது.' தாள் ஒரு நட்சத்திரத்தோடும் ஒரு குறிப்போடும் திரும்பி வந்தது: 'நன்று. குடும்ப விஷயங்களைத் தவிர்க்கவும்.'

எழுத்தில் இப்படி. பேச்சில்தான் சிக்கல். வீட்டில் அவள் வாயை மூடினால் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்ப்போம். வகுப்பில் வாயே திறப்பதில்லை. இரண்டு பருவ அறிக்கையிலும் 'வாய்மொழி' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் பருவத் தொடக்கத்தில் வகுப்பு மிஸ் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல பெண். நிரப்ப வேண்டிய படிவங்கள் அதிகம் என்பதால் எப்போதும் பேனாவைத் திறந்தே வைத்திருப்பார்.

"கடைசியில செய்து காட்டும் நாள் இருக்குங்க. அன்னைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு நிமிஷம் பேசணும். இவ பேசலேன்னா அடுத்த வருஷம் கீழ இருக்கிற ஆதரவுப் பிரிவுக்கு மாத்திடுவாங்க. என் கையில எதுவும் இல்லைங்க."

பின்தங்கிய பிள்ளைகளுக்கான ஆதரவுப் பிரிவு, அலுவலகத்துக்குப் பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்தம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. அவளுக்கு வகுப்பில் இருந்த ஒரே சிநேகிதன் பல் டாக்டர் மகன். அப்பாக்கள் இருவரும் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் இருவரும் ஒரே பெஞ்சில் ஒரே ரப்பரை வைத்துக் காலம் தள்ளினார்கள்.

"அவனை விட்டுட்டு நான் கீழ போகமாட்டேன்."

"அப்ப பேசேன் கண்ணு. இங்க இந்தப் பேச்சுப் பேசறே?"

"மிஸ்ஸுக்குப் பதில் தெரியும்மா. தெரிஞ்சுக்கிட்டே கேக்குறாங்க. தெரிஞ்சவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, என்னிடம் மேலும் அரைமணி நேரம் பேசினாள்.

கடைசி மஞ்சள் தாள் வந்தது. 'எளிய இயந்திரம் ஒன்றைச் செய்துவந்து ஒரு நிமிடம் விளக்குக.' இவர் அதை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். கம்பெனிக்கு ஆர்டர் வந்ததுபோல் முகத்தில் ஒரு பொலிவு.

"கப்பி. கயிறு. எதிர் எடை. நம்ம வீட்டுச் சாமான்!"

"என்னங்க, அவ பேசறதுதான் இப்ப முக்கியம்."

"அதுக்கும் வழி இருக்கு."

அவர் சொன்ன வழி என்ன என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பழைய லிஃப்டிலிருந்து கழற்றிப்போட்ட குரல்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். 'கதவு மூடுகிறது' என்று அதற்குள் ஒரு பெண் கனிவாகச் சொன்னாள்.

"அவ பேசறதுக்குத்தான் மார்க். லிஃப்ட் பேசறதுக்குக் கிடையாது" என்றேன்.

"இது ஆரம்பிச்சு வைக்கும். அவ கூடவே போயிடுவா. கூச்சம் இருக்கிறவங்களுக்குத் துணைக்கு ஒரு குரல் வேணும்."

சாப்பாட்டு மேசை மூன்று வாரம் பட்டறை ஆயிற்று. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டடி உயரத்தில் மூன்று மாடி. மாடிக்கு மாடி கதவு. மேலே கப்பி, பின்னால் எதிர் எடை. கதவு கடைசி மயிரிழைவரை மூடினால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். அதை விட்டுவிடலாமே, குழந்தைப் பொம்மைதானே என்று கேட்டேன்.

"கதவு திறந்திருக்கும்போது ஓடற லிஃப்டை என் கையால செய்யமாட்டேன்" என்றார். கேட்டதே தப்பு என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எங்கள் பெண் பக்கத்தில் நின்று, பெட்டிக்குள் இருட்டாக இருக்கும் இடங்களில் டார்ச் அடித்தாள். இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். "நீ விளக்கிச் சொல்லிப் பாரேன்" என்று நான் சொன்னால் மட்டும் இருவரும் சேர்ந்து, "கொஞ்சம் இரும்மா" என்பார்கள்.

செய்து காட்டும் நாளன்று வகுப்பின் பின்பக்கம் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். பெற்றோர் அதைத் தாண்டக் கூடாது, பேசக் கூடாது. குழந்தைகளின் நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தோம். மேசைகளில் முப்பது இயந்திரங்கள். எட்டு வயதுக் கை பட்ட தடம் ஒன்றிலும் இல்லை. பல் டாக்டர் மகன் சீசா ஏற்றப்பலகை கொண்டுவந்திருந்தான். முழுக்கப் பல் அச்சு எடுக்கும் மாவில் வார்த்தது. பலகையின் இரண்டு முனையிலும் இரண்டு வெள்ளைப் பொம்மைகள். சிரித்தன. பற்கள் வரிசை தப்பாமல் முப்பத்திரண்டு இருக்கும்.

"ஓவரா இல்ல?" என்று இவர் என் காதில் சொன்னார்.

பெரிய மிஸ், அதாவது தலைமை ஆசிரியை, மதிப்பெண் தாளோடு மேசை மேசையாக வந்தார். வகுப்பு மிஸ் கையில் நிமிடம் பார்க்கும் கடிகாரம். பிள்ளைகள் ஒப்பித்தார்கள். "வணக்கம் இது நெம்புகோல் நெம்புகோல் என்பது" என்று மூச்சு விடாமல் தொடங்கி, மூச்சு தீர்ந்த இடத்தில் நிறுத்தினார்கள். நின்ற இடத்திலிருந்து பின்வரிசை அம்மாக்கள் உதடு மட்டும் அசைத்து மீதியை முடித்தார்கள்.

எங்கள் பெண்ணின் முறை வந்தது. அவள் லிஃப்டின் பக்கத்தில் நின்றாள். கடிகாரம் ஓடியது. பத்து நொடி. இருபது. என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

"சரி, ஓட்டிக் காட்டும்மா" என்று பெரிய மிஸ் ஒரு சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்து லிஃப்டுக்குள் வைத்தார். பெட்டி கொஞ்சம் நீளம். ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகள் பொத்தானை அழுத்தினாள்.

'கதவு மூடுகிறது' என்றது குரல். பாராட்டும் சத்தம் கேட்டது. கதவு பெட்டியில் இடித்துத் திரும்பித் திறந்தது. 'கதவுக்கு வழிவிடவும்.' மறுபடி மூடியது, இடித்தது, திறந்தது. 'கதவுக்கு வழிவிடவும்.' நான்காவது முறை பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"வேலை செய்யலையே" என்று பெரிய மிஸ் பேனாவை எடுத்தார்.

என் கணவர் எழுந்துவிட்டார். குழந்தை நாற்காலியும் அவரோடு எழுந்தது. "மேடம், வேலை செய்யறதாலதான் அது நிக்குது!"

"சார், பெற்றோர் பேசக் கூடாது" என்றார் வகுப்பு மிஸ்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அமர்ந்தார். பெரிய மிஸ் குனிந்து, கதவை விரலால் தள்ளிப் பார்த்தார். அப்புறம் உண்மையாகவே புரியாமல், தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டார்.

"ஏன் இது ஓட மாட்டேங்குது?"

"விரலை எடுங்க மிஸ்" என்றாள் எங்கள் பெண்.

வகுப்பே திரும்பியது. அந்தக் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. பெரிய மிஸ் சட்டென்று விரலை எடுத்தார்.

"விரல் உள்ள இருக்கும்போது கதவு மூடினா நசுங்கிடும். கதவு மூடாம லிஃப்ட் போனா ஆள் கீழ விழுந்துடுவாங்க. அதான் நிக்குது. உங்க பெட்டி பெருசு மிஸ். குறுக்கால வைங்க." பெரிய மிஸ் குறுக்கால வைத்தார். கதவு மூடியது. லிஃப்ட் ஏறியது. அவள் நிற்கவில்லை. "இங்க பின்னால ஒரு எடை இறங்குது பாருங்க. அது இல்லேன்னா மோட்டார் ரொம்பக் கஷ்டப்படும். நீங்க உள்ள ஏறினீங்கன்னா பெரிய எடையா வைக்கணும்."

"இவ்வளவும் நீயே செஞ்சியா?" பெரிய மிஸ்ஸுக்கு நெகிழ்ச்சி.

"இல்ல மிஸ். அப்பா செஞ்சாரு. நான் டார்ச் அடிச்சேன்."

நாடாவுக்குப் பின்னால் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குக் கண் காட்டத் தொடங்கினார்கள்.

"அவனோடதும் அவங்கப்பா செஞ்சதுதான்" என்று அவள் சிநேகிதனையும் கைவிடாமல் சேர்த்துக்கொண்டாள். "அந்த மாவு பட்டா அவனுக்குக் கை அரிக்கும்."

"ஆமா மிஸ்" என்று அவன் சந்தோஷமாகக் கையைத் தூக்கிக் காட்டினான். "என்னைத் தொடவே விடல."

அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. "எங்கம்மா கடையில வாங்கினாங்க மிஸ்." "எங்க வீட்ல சித்தப்பா மிஸ். அப்பா செஞ்சது உடைஞ்சு போச்சு." "எங்கக்கா போன வருஷம் கொண்டாந்தது மிஸ், பெயின்ட் மட்டும் புதுசு." பல் டாக்டர் கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறையாக இவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரும் அசைத்தார்.

மதிப்பெண் தாள் மாலையே வந்துவிட்டது. சொந்த முயற்சி: பூஜ்யம். பேச்சு: ஐந்துக்கு நான்கு. ஒரு நிமிடம் என்பது நான்கு நிமிடம் பத்து நொடி ஆனதால் ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அடியில் வகுப்பு மிஸ்ஸின் குறிப்பு: 'அடுத்த வருடம் இதே பிரிவில் தொடரலாம். அளவோடு பேசப் பழக்கவும்.'

நாங்கள் மூவரும் நடந்தே வீடு திரும்பினோம். லிஃப்ட் அவர் தோளில். நடை ஆடும்போதெல்லாம் உள்ளேயிருந்து அந்தப் பெண் வழிவிடச் சொன்னாள். எதிரில் வந்த இரண்டு பேர் விலகி நின்றார்கள். மகள் முன்னால் குதித்துக்கொண்டு போனாள். இவர் மட்டும் எதையோ மென்று விழுங்கிக்கொண்டு வந்தார். தெருமுனையில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏண்டி, டார்ச் மட்டும்தான் பிடிச்சேன்னு சொல்லிட்டே. மூணாவது மாடிக் கதவுல ரெண்டு ஸ்க்ரூ நீதானே முடுக்கினே? அதைச் சொல்லியிருந்தா பூஜ்யம் வந்திருக்காதில்ல?"

"அது நான் தூங்கப் போனதும் நீ கழட்டித் திரும்ப முடுக்கினியே."

"யார் சொன்னா?"

"ஸ்க்ரூதான். நேரா இருந்துச்சு."

அவர் லிஃப்டைத் தோள் மாற்றிக்கொண்டார். வீடு வரும்வரை குரல்பெட்டிக்காரி ஒருத்தியின் பேச்சுதான்.

விடுமுறையின் முதல் ஞாயிறன்று சமையலறை அலமாரிக் கதவின் கீல் தளர்ந்துவிட்டது. அவர் கருவிப் பையைத் திறந்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை மகளிடம் நீட்டினார்.

"நீ பண்ணு. நான் பாக்கறேன்."

"பேசக் கூடாது."

"பேசல."

அவள் நாற்காலிமேல் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணலாக முடுக்கத் தொடங்கினாள். அவர் இரண்டடி தள்ளிக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் அடுப்புக்குப் பக்கத்தில், அவருக்குப் பின்னால் இருந்தேன். கட்டிக்கொண்ட கைக்குள் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், காற்றிலிருந்த ஒரு ஸ்க்ரூவை நேராக, மெதுவாக, கடைசிச் சுற்றுவரை முடுக்கிக்கொண்டிருந்தன.