ஓர் எழுத்தும் மாறாமல்

வெள்ளிக்கிழமை காலை பெர்மெத் அந்தக் கட்டளையைப் பதினேழாவது தடவையாக அடித்தாள். கறுப்புத் திரை ஒரு விநாடி யோசிப்பதுபோல நின்றது. பிறகு, பதினாறு தடவை சொன்ன அதே பதிலை, கூட்டாமல் குறைக்காமல், சிவப்பு எழுத்தில் சொன்னது: கிடங்கின் சான்றிதழை நம்ப முடியவில்லை, மூட்டைகள் எடுக்கப்படவில்லை. பத்தொன்பது வருஷம் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள் அவள். ஒரே பொய்யைப் பத்துத் தடவை முகம் மாறாமல் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களையாவது வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கலாம். இதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்படிப் பதில் சொன்ன அந்த நிரலுக்குக் கம்பீரமான பெயர் ஒன்று உண்டு. ஆனாலும் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் அந்த மூன்றாம் மாடி அலுவலகத்தில் எல்லாரும் அதைக் கழுதை என்றுதான் சொல்வார்கள். இன்னது வேண்டும் என்று ஒரு வரி அடித்தால் போதும், கிடங்குக்குப் போய், அடுத்தவர்கள் எழுதி வைத்த மென்பொருள் மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடும். சொந்த மூளை கிடையாது. எந்தக் கிடங்கு, எந்த வழி, யாருடைய சான்றிதழை நம்பலாம் என்பதையெல்லாம் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோப்போ, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, புது மருமகள் மாதிரி யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கும். எட்டே எட்டு வரி. அந்த எட்டு வரிதான் மூன்று நாளாகப் பெர்மெத்தின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

வெளிநாட்டுக் கிடங்குக்குப் போய்த் திரும்ப நேரமாகிறது என்று, முதலாளி மெதெர்பெக் ஜனவரியில் அலுவலக மூலையிலேயே ஒரு பழைய கணினியை நிறுத்தி அதைக் கிடங்காக்கியிருந்தான். பழைய ஆட்கள் அவரவர் அமைப்புக் கோப்பை அவரவர் கையாலேயே திருத்திக்கொண்டார்கள். இனி வரும் புது ஆட்களுக்கென்று மெதெர்பெக் ஒரு மாதிரிக் கோப்பு எழுதி வைத்தான். அதற்குப் பிறகு வந்த முதல் புது ஆள் பெர்மெத். முதல் ஏழு வாரம் இணையப் பக்கங்களைச் சொடுக்கிப் பார்த்துப் பிழை சொல்லும் வேலைதான் அவளுக்கு. இந்தப் புதன்கிழமைதான் சொந்தமாக ஒரு கணினியும் முதல் நிஜ வேலையும் கிடைத்தன. ஒரு வேன் கம்பெனியின் இணையப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை வண்டிகள் எல்லாம் திங்கட்கிழமையே புறப்பட்டுவிடுவதாகக் காட்டுகிறது, அதைத் திருத்த வேண்டும். எங்கே திருத்த வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கழுதை நானூறு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினால்தான் அடுப்பே பற்றும்.

"ஓர் எழுத்துகூட மாத்தலையே டீச்சர்?" என்று கேட்டாள் பக்கத்து மேசை ஜிபெக். இருபத்துநாலு வயது. ஒரு கையால் குருத் என்னும் உலர்ந்த தயிர் உருண்டையைக் கடித்தபடி மறு கையால் நிரல் எழுதுகிறவள்.

"நீதானம்மா சொன்ன, அப்படியே எடுத்து ஒட்டணும், ஓர் எழுத்து மாறக் கூடாதுன்னு. அப்படியேதான் ஒட்டினேன். பதினேழு தடவ."

ஜிபெக் எட்டிப் பார்த்தாள். தன் கோப்பைத் திறந்து வரிவரியாக ஒப்பிட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. "உங்க மெஷினுக்குத்தான் திருஷ்டி பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள். புதன்கிழமை இணைப்புக் கம்பியை மாற்றியாயிற்று. வியாழக்கிழமை கணினியையே மாற்றியாயிற்று. புதுக் கணினியிலும் முதல் காரியமாக அதே மாதிரிக் கோப்பை எடுத்து, ஓர் எழுத்தும் மாறாமல் ஒட்டினாள்.

இன்றோடு அவளுடைய இரண்டு மாதப் பரீட்சைக் காலம் முடிகிறது. திங்கட்கிழமை வர வேண்டுமா, வேண்டாமா என்று மாலைக்குள் முதலாளி சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றால் பள்ளிக்கும் திரும்ப முடியாது. அங்கே பிரிவு விழா நடத்தி, பாட்டுப் பாடி, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவளுடைய வகுப்புகளை வாங்கிக்கொண்ட உயிரியல்காரி துக்கம் தாங்காமல் அழுததில் முகத்தில் அப்படி ஒரு பொலிவு. வீட்டிலோ கணவன் தொக்தோசுன் குடியிருப்பு முழுக்க, நாய்க்குக்கூட விடாமல், "எங்க வீட்டம்மா புரோகிராமர்" என்று சொல்லி வைத்திருந்தான். நாற்பத்துநாலு வயதில் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

முதலாளி மெதெர்பெக் அவளிடம் படித்தவன். எட்டாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை மூன்றாவது பெஞ்சு. வேலைக்கு நேர்காணல் செய்ய உட்கார்ந்திருந்தவன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றவன்தான், நேர்காணல் முடியும்வரை உட்காரவில்லை. முதல் வாரம் அவள், முதலாளி ஆயிற்றே என்று, "நீங்க சொல்லுங்க சார்" என்றாள். அவனுக்குக் காது இரண்டும் சிவந்து, "டீச்சர், தயவு செஞ்சு வேண்டாம்" என்று கெஞ்சினான். நீ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சம்பளம் போடுகிறவனாயிற்றே. அதனால் ஏழு வாரமாக நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். "இதைக் கொஞ்சம் பார்த்தா நல்லது", "கையெழுத்துப் போட்டுட்டா தேவலை." சுவரிடம் பேசுவதுபோலத்தான் இருக்கும். ஆனாலும் இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

அவனும் அவளுடைய மேசைப் பக்கம் வந்து, கோப்பில் என்ன பிழை என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. டீச்சர் தப்புச் செய்துவிட்டார் என்று டீச்சர் முகத்துக்கு நேரே சொல்வதா? அதைவிட, கிடங்குக் கணினியைத் தலையில் தூக்கிக்கொண்டு மலையேறச் சொன்னால் ஏறிவிடுவான்.

மத்தியானம் கழுவிய கோப்பையோடு வரும்போது, படிக்கட்டுத் திருப்பத்தில் அவன் குரல் கேட்டது. பெர்மெத் நின்றாள்.

"டீச்சர், உங்க அறிவுக்கு இந்த எடம் பத்தாது..." என்று சொன்னான். உடனே, "சே, இது வேணாம்" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், நாங்கதான் உங்களுக்குத் தகுதியில்ல" என்று ஆரம்பித்தான்.

"எதச் சொன்னாலும் பாவம்தாண்ணே" என்றது ஜிபெக்கின் குரல். "கவரக் கைல குடுத்துட்டு ஓடிருங்க."

"ஓடி எங்க போறது? எங்கம்மா வாராவாரம் அவங்கள ஓஷ் சந்தையில பாக்கறாங்க. டீச்சரையே வீட்டுக்கு அனுப்பிட்டியாடான்னு என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவாங்க. என்ன பண்றது, மூணு நாளா எட்டு வரி ஒட்டத் தெரியலையே அவங்களுக்கு!"

பெர்மெத் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபோது கண் எரிந்தது. அழுகை என்று முதலில் நினைத்தாள்; கோபம் என்று பிறகு தெரிந்தது. ஒட்டத் தெரியவில்லையாம். ஒட்டத்தானே தெரிந்தது, அதுதானே கேடு! அமைப்புக் கோப்பைத் திறந்தாள். எட்டு வரியையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்தாள். போவதே போகிறோம், ஒரு தடவையாவது கீழ்ப்படியாமல் போவோம் என்று, மாதிரியைக் கண்ணால் மட்டும் பார்த்து, எட்டு வரியையும் தன் கையாலேயே, கரும்பலகையில் எழுதுகிற நிதானத்தோடு, எழுத்தெழுத்தாக அடித்தாள். சேமித்தாள். பதினெட்டாவது தடவையாகக் கட்டளையைக் கொடுத்தாள்.

கழுதை கிளம்பிவிட்டது.

மூட்டைமூட்டையாக வந்து இறங்கிற்று. திரையில் வரிகள் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடின. நானூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லி நின்றது. பெர்மெத் செவ்வாய்க்கிழமை வண்டிகளைச் செவ்வாய்க்கிழமைக்கே தள்ளிவிட்டாள். பத்து நிமிஷ வேலை.

வேறு யாராவது இருந்தால் அத்தோடு கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, மேசையில் இருந்த பூர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டில் இரண்டை எடுத்து வாயில் போட்டிருப்பார்கள். வேதியியல்காரிக்கு அது முடியாது. ஒரே பொருள், ஒரே அளவு. ஒரு குடுவையில் பொங்குகிறது, இன்னொன்றில் பொங்கவில்லை. அப்படியென்றால் பொருள் ஒன்றல்ல. அவள் மாதிரிக் கோப்பையும் தன் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்டச் சொன்னாள். நான்காவது வரி வேறு என்றது கணினி. சான்றிதழ் எங்கே இருக்கிறதென்று சொல்லும் வரி. பழையதைச் சிவப்பிலும் புதியதைப் பச்சையிலும் காட்டிற்று. இரண்டையும் மூன்று தடவை படித்தாள். புள்ளி, கோடு, எல்லாம் அச்சு அசல் ஒன்றே.

பிறகு தேடல் கட்டத்தில் ஆங்கில 'சி'யை மட்டும் அடித்துப் பார்த்தாள். பக்கம் முழுக்க எங்கெல்லாம் 'சி' இருந்ததோ அங்கெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டது. சிவப்பு வரியின் முதல் எழுத்து மட்டும் பூசிக்கொள்ளவில்லை. பெர்மெத் குனிந்து விசைப்பலகையைப் பார்த்தாள். ஒரே பொத்தானின் மேல் மூலையில் ஆங்கில 'சி', கீழ் மூலையில் ரஷ்ய 'எஸ்'. ஒரே இடம், ஒரே வளைவு. யாரோ ரஷ்ய எழுத்தில் இருந்தபடியே அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் எழுத்து பார்வைக்குச் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. இரண்டாவது எழுத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. அதை மட்டும் அழித்து, மொழியை மாற்றிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். கழுதைக்கு அப்படி ஒரு சொல்லே தெரியாது. தெரியாத சொல்லைக் கண்டால் அது கேள்வி கேட்காது, குறை சொல்லாது, பார்க்காததுபோலத் தாண்டிவிடும். இந்த அலுவலகத்தில் வளர்ந்த கழுதைதானே.

"ஜிபெக், இந்த வரிய யார் எழுதினாங்கன்னு பாக்க முடியுமா?"

ஜிபெக் வந்து ஏதோ அழுத்தினாள். வரியின் இடப் பக்கத்தில் பெயரும் தேதியும் வந்தன. மெதெர்பெக், ஜனவரி பதினாலு. கடித்துக்கொண்டிருந்த குருத் அவள் வாயிலேயே நின்றுவிட்டது. "டீச்சர்," என்றாள் மெல்ல, "நான் இதப் பாக்கவே இல்ல. எனக்குக் கண்ணு தெரியாது."

மாதிரிக் கோப்பைத் திருத்தினாள் பெர்மெத். திருத்தம் சேர வேண்டுமானால் மெதெர்பெக்கின் ஒப்புதல் வேண்டும். அனுப்பலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவன் வந்துவிட்டான். கையில் வெள்ளைக் கவர். முகம் பல் பிடுங்கப் போகிறவன் முகம்.

"டீச்சர்... உங்க அறிவுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"உட்காரு" என்றாள் பெர்மெத்.

ஏழு வாரமாக எங்கே போயிருந்ததோ அந்தச் சொல், சர்வ சாதாரணமாக வந்து விழுந்தது. அவன் சட்டென்று உட்கார்ந்தான். கவரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இந்த ரெண்டு வரியையும் படி."

படித்தான். "ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர். எதையும் மாத்தலையே நீங்க."

"ஒண்ணுல வேல நடக்குது. ஒண்ணுல நடக்கல. எழுத்தெழுத்தாப் பாரு." தேடல் கட்டத்தில் 'சி'யை அடித்தாள். மஞ்சள் பரவியது. அவன் பார்த்தான். திரைக்கு அருகே போனான். குனிந்து விசைப்பலகையைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தவனின் கண், வரியின் இடப் பக்கம் இருந்த தன் பெயரில் போய் முட்டிக்கொண்டது. காது சிவந்தது. கழுத்தும் சிவந்தது. ஜிபெக் மேசைக்கு அடியில் இல்லாத எதையோ தேடத் தொடங்கினாள்.

"மூணு நாள், டீச்சர்," என்றான் கடைசியில். "மூணு நாளா நீங்க என்னைய வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீ வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

வேன்கள் இப்போது சரியான கிழமையில் ஓடுகின்றன என்று சொல்லலாமா என்று பெர்மெத்துக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவதுபோல இருக்கும். ஆனால் தெரியாமல் வீட்டுக்குப் போகவும் அவளால் முடியாது. தொக்தோசுன் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான்.

"மெதெர், நேரா கேக்கறேன். திங்கக்கிழம நான் வரணுமா, வேண்டாமா?"

அவன் வாயைத் திறந்தான். நாற்காலியில் லேசாக அசைந்தபோது அடியில் கவர் கசங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பேசி முடிகிற காரியமல்ல என்று தெரிந்ததும், அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தான். பிறகு மாதிரிக் கோப்பின் தலைப்புக்குப் போனான். இந்தக் கோப்புக்குப் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம். அதில் அவன் பெயர் இருந்தது. அதை அழித்தான். அழித்த வேகத்திலேயே, ரஷ்ய எழுத்தில் ஆறு எழுத்து வரும் ஒரு பெயரை அடித்தான். மொழியை மாற்ற மறந்திருந்தான். திரையில் விழுந்தது யார் பெயரும் அல்ல, எந்த மொழியிலும் இல்லாத, பல்லில்லாத கிழவன் தும்மியதுபோன்ற ஒரு சொல்.

"அழி," என்றாள் பெர்மெத் அவன் தோளுக்குப் பின்னால் நின்று. "எல்லாத்தையும் அழி. மொத எழுத்தையும் சேத்து."

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் உதடு அசைந்தது. ஆறும் போன பிறகும், சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு தடவை தட்டினான். கட்டம் காலியாக இருந்தது. மெல்லிய கோடு ஒன்று மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மெதெர்பெக் மொழியை மாற்றினான். மாறிவிட்டதா என்று திரையின் மூலையைப் பார்த்தான், திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவள் பெயரின் முதல் எழுத்துக்காக ஒரு விரலைத் தூக்கினான்.