இன்னொரு அர்த்தனாரி

“உசுரோட இருக்கற மனுசன இப்படிச் சாகடிச்சுப் போட்டீங்களேம்மா!” என்று போனில் ஒருவர் கத்தினார். பூங்குழலி ஒரு கையில் அப்பாவின் வாயைக் கட்ட வேண்டிய வெள்ளைத் துணியைப் பிடித்திருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, துணியைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு நழுவிவிட்டது.

“யாருங்க பேசறது?”

“சேலத்துல இருந்து. அர்த்தனாரி அண்ணனோட மேனேஜர். இன்னிக்குச் சாயங்காலம் அண்ணனுக்குக் கச்சேரி. கோயில்காரங்க போன் பண்ணி எனக்கே ஆறுதல் சொல்றாங்க. நியூஸு உங்க ஊட்டுல இருந்துதான் கெளம்பியிருக்குது.”

தம்பி சதீஷ்குமார் செய்த வேலை அது. விடிந்ததும் ‘கொல்லிமலைப் பாடகர் அர்த்தனாரி காலமானார்’ என்று வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா பாடகர்தான், பெயரும் அதுதான். மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களில் அவர் பாடாமல் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ நடந்ததில்லை. ஆனால் மலைக்குக் கீழே அர்த்தனாரி என்றால் ஊரறிந்த வேறொரு பாடகர், சேலத்துக்காரர். எவனோ ஒரு புண்ணியவான் அவர் படத்தை ஒட்டி நாலு குரூப்பில் தள்ளிவிட்டான். அதற்கு மேல் கேட்கவா வேண்டும்?

இந்தப் பெயர் படுத்திய பாடு இன்று நேற்றல்ல. ராசிபுரத்துத் தவில்காரர் அர்த்தனாரி இறந்தபோது, துக்கம் விசாரிக்க இங்கே வந்து நின்றவர்களுக்கு அப்பாவே கதவைத் திறந்தார். சேலத்துக்காரர் பேரெடுத்த பிறகு இன்னும் மோசம். அப்பா பாடிய ஒரே ரெக்கார்டைப் போனில் தேடினால் சேலத்துக்காரர் முகத்தோடுதான் வரும். அவர் என்று நினைத்து இவரைக் கச்சேரிக்கு அழைப்பார்கள். மேடையேறியதும் “யாருய்யா இது?” என்பார்கள். ஒருமுறை பூங்குழலியும் கூடப் போயிருந்தாள். கூட்டம் கூச்சல் போட, அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு அடிவயிறு எரியும். அம்மாவிடம் அதை அவள் சொன்னதே இல்லை.

“பொணத்துக்குப் பக்கத்துல நின்னு ஒரு வீடியோ போடும்மா,” என்றார் மேனேஜர். “செத்தது எங்கப்பா, அவரு ஒண்ணும் பெரிய பாடகர் இல்லைன்னு சொல்லிரு. சோலி முடிஞ்சுது.”

“அப்படியெல்லாம் சொல்ல மாட்டேனுங்க. அவரு வேற, எங்கப்பா வேறன்னு தம்பிய எழுதிப் போடச் சொல்றேன். பொணத்தக் காட்ட மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு, நழுவிய முடிச்சை மறுபடி போட்டு இறுக்கினாள். சொந்த அப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பெரிய ஆளில்லை என்று சொல்ல வேண்டுமாம். என்ன ஜென்மங்களோ!

சதீஷ்குமார் மூச்சிரைக்க ஓடி வந்தான். “அக்கா, அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து ரசிகர் மன்றத்து வேனுங்க ஏறி வருதாம். பெரிய பெரிய மாலையோட.”

அம்மா அம்சவேணியின் காதில் விழுந்துவிட்டது. “கேட்டீங்களா?” என்று சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம் திரும்பினாள். “பாடி என்னத்தக் கண்டாருன்னு கேப்பீங்களே. இப்பப் பாருங்க.” அழுது வீங்கிய முகம் ஒரு கணம் நிமிர்ந்தது.

வருகிறவர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு, இந்தப் பந்தலில், அம்மாவுக்கு முன்னால், “யாருய்யா இது?” என்று கேட்டால்? செத்த பிறகுமா அந்த மனிதருக்கு இந்த அவமானம்? பூங்குழலி ரோட்டுக்கு ஓடினாள்.

பஸ் திரும்பும் இடத்தில் முன்னால் வந்த வேனை மறித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருவன் இறங்கினான். செல்வம் என்று பெயர், ரசிகர் மன்றத் தலைவன். “நீங்க அண்ணனோட மகளா?” என்றான்.

“இல்லீங்கண்ணா. நீங்க தேடி வந்தவரு சேலத்துல நல்லா இருக்காருங்க. செத்தது எங்கப்பா. அவரு பேரும் அர்த்தனாரி.”

செல்வத்தின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சிவந்தது. “அண்ணனுக்கு ஒண்ணும் இல்லியா? அப்பறம் என்ன மயித்துக்கு எங்கள இத்தன வளைவு ஏற வச்சீங்க? வண்டியத் திருப்புங்கடா!”

டிரைவர் அசையவில்லை. “ஆளுக ஏறுங்க. மாலை ஏறாது. சாவுக்கு வாங்குன மாலையத் திருப்பி எடுத்துட்டுப் போற வழக்கம் எங்கியாச்சும் உண்டா? என்ற வண்டியில ஆகாது.”

சாவு மாலையை வீட்டுப் பக்கம் கொண்டுபோக ஒருவருக்கும் மனமில்லை. எல்லோர் வீட்டிலும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ரோட்டோரத்தில் வீசவும் யாருக்கும் துணிவில்லை.

பூங்குழலி கையெடுத்துக் கும்பிட்டாள். “எங்கப்பாவுக்கே போட்டுருங்கண்ணா. எங்கம்மாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. எல்லாரும் அப்பாவுக்குத்தான் வாறாங்கன்னு அது நெனச்சுட்டு இருக்குது.”

செல்வம் மாலையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் என்ன செய்வானோ என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

பலாமரத்தடிப் பந்தலில் அப்பாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக மாலையைப் போட்டுவிட்டு அவசரமாக ஒதுங்கினார்கள். கடைசியாக செல்வம் போட்டான். திரும்பியவனின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“அவரு பாட்டுக் கேட்டிருக்கியா சாமி?”

செல்வம் பூங்குழலியைப் பார்த்தான்.

“கேட்டிருக்கேனுங்கம்மா.”

“எந்தப் பாட்டு?”

சதீஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். செல்வத்துக்கு வியர்த்து ஊற்றியது. வாயில் வந்த ஒரே பதிலைச் சொன்னான்.

“‘வெள்ளரிக் காட்டுக்காரி’ங்கம்மா.”

போச்சு! அது சேலத்துக்காரரின் பாட்டு. அதை யார் பாடியது என்று கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பூங்குழலி அம்மாவின் தோளைப் பிடிக்க நகர்ந்தாள்.

அம்மா அவன் கையை விடவில்லை. “அதையும் பாடுவாரு,” என்றாள். “மேடையில நின்னா அதத்தான கேட்டுக் கத்துவாங்க. மொதல்ல சிரிப்பாரு. பொறவு பாடிருவாரு. ஊட்டுக்கு வந்தா ரெண்டு மூணு நாளைக்கு எங்கிட்டக்கூடப் பேச மாட்டாரு.”

பூங்குழலி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வந்த வேன்கள் யாருக்காக வந்தன என்பதும்.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெஞ்சருகே போய், கழுத்துக்கு மேலும் குவிந்து முகத்தை மறைத்திருந்த மாலைகளை ஒவ்வொன்றாக அப்பாவின் வயிற்றுக்குக் கீழே இறக்கினாள். கன்னத்தில் ஒட்டியிருந்த ரோஜா இதழை எடுத்துப் போட்டாள்.

“இத்தன தூரம் வந்துட்டீங்க. என்ற ஊட்டுக்காரரு மூஞ்சிய ஒருக்காப் பாத்துட்டுப் போங்க சாமி.”

செல்வம் குனிந்தான். ரோட்டிலிருந்து டிரைவர் ஹார்ன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தான். செல்வம் நிமிரவில்லை.